தென் தாய்லாந்துக் கடற்கரை விடுமுறை: மாதம் முதலில், விடுதி கடைசியில்

புக்கெட்டில் ஒரு விடுதியைப் பதிவு செய்துவிட்டு, மற்றதைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்புவதுதான் பலரது வழக்கம். தென் தாய்லாந்தில் இந்த வரிசை சரிப்படாது. முதலில் எந்த மாதம் என்று பாருங்கள். அதை ஒட்டி எந்தக் கரை, அந்தக் கடலில் என்ன செய்யப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டு, கடைசியாக விடுதியைத் தேடுங்கள்.

காரணம் எளிது. நீண்டு ஒடுங்கிய அந்த நிலத்துக்கு இருபுறமும் கடல். மேற்கே அந்தமான் கடல்: புக்கெட், காவோ லாக், கிராபி, பீபீ, கோ லந்தா, கோ லிப்பே. கிழக்கே தாய்லாந்து வளைகுடா: கோ சமூய், கோ பாங்ஙன், கோ தாவ். இரண்டிலும் மழை வெவ்வேறு மாதங்களில் வரும். நினைவில் வைத்துக்கொள்ள ஒரு வழி உண்டு. கேரளத்தை நனைக்கும் தென்மேற்குப் பருவக்காற்றுதான் புக்கெட்டையும் கிராபியையும் நனைக்கிறது. சென்னைக்கு மழை தரும் வடகிழக்குப் பருவக்காற்றுதான் சமூயிலும் கொட்டுகிறது. ஆகவே அந்தமான் கரைக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். வளைகுடாத் தீவுகளுக்கு ஜனவரி கடைசியிலிருந்து செப்டம்பர் வரை போகலாம். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை, அதிலும் நவம்பரில், போகாமல் இருப்பதே நல்லது.

நம் விடுமுறைகளை இதன்மேல் வைத்துப் பார்த்தால் முடிவு பாதி தெளிவாகிவிடும். தீபாவளியை ஒட்டிப் போகிறவர்களுக்குச் சமூய் வேண்டாம். அந்தமான் கரை அப்போதுதான் தெளியத் தொடங்கியிருக்கும், விலையும் ஏறியிருக்காது. கிறிஸ்துமஸ் முதல் பொங்கல் வரை மேற்குக் கரை மிக அழகாக இருக்கும், விடுதி வாடகையும் அதற்கேற்ப எகிறியிருக்கும். ஏப்ரலில் வெயில் கொளுத்தினாலும் கடல் அமைதி. ஆனால் ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான் என்னும் தாய்லாந்துப் புத்தாண்டு. நம் சித்திரைப் பிறப்பும் அதே நாட்களில்தான். அந்த மூன்று நாளும் தெருவெல்லாம் தண்ணீர் வீச்சு நடக்கும், பேருந்தில் இடம் கிடைக்காது, சாலை விபத்தும் மிக அதிகம். பள்ளி விடுமுறை முடியும் மே கடைசியில் போகிறவர்களுக்கு மேற்குக் கரை கைகொடுக்காது. கிழக்கே கோ தாவ் பக்கம் போய்விடலாம்.

'மழைக்காலத்தில் விலை பாதிதானே, மழை ஒரு மணி நேரம் பெய்துவிட்டு ஓய்ந்துவிடுமே' என்று கேட்பவர்கள் உண்டு. மழையைப் பற்றிய வரை அது சரிதான். அலைதான் ஆபத்து. புக்கெட்டின் பாத்தோங், கரோன், காத்தா, நய் ஹார்ன் கடற்கரைகள் எல்லாம் திறந்த மேற்குக் கடலைப் பார்த்து நிற்பவை. மே முதல் அக்டோபர் வரை அங்கே கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் உருவாகும். அலைகளுக்கு நடுவே ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல் சாதுவாகத் தெரியும்; விவரம் தெரியாதவர் இறங்கத் தேர்ந்தெடுப்பதும் அந்த இடத்தைத்தான். சிவப்புக் கொடி நட்டிருந்தால் தண்ணீரில் இறங்கவே இறங்காதீர்கள். இழுத்துக்கொண்டு போனால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பட்டையை விட்டு வெளியே வந்த பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். நீந்த முடியாதவர் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். படகுக்கும் இதே காலம்தான் கெடுதல்: 2018 ஜூலை 5 அன்று புக்கெட் அருகே ஃபீனிக்ஸ் என்ற சுற்றுலாப் படகு கொந்தளிப்பில் மூழ்கி 47 பேர் இறந்தார்கள்.

படகுப் பயணங்களில் எது யாருக்கு

தென் தாய்லாந்தில் எல்லாரும் வாங்கும் சீட்டு ஒருநாள் தீவுச் சுற்றுலாதான். கடைகளில் முப்பது வகை அட்டை தொங்கினாலும் உள்ளே இருப்பவை ஐந்தாறு பயணங்களே.

முதலில் பீபீ. எல்லாரும் போக நினைப்பது இதற்குத்தான், ஏமாற்றம் மிகுந்து வருவதும் இதில்தான். புக்கெட்டிலிருந்தோ கிராபியிலிருந்தோ ஸ்பீட்போட்டில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மாயா விரிகுடா, பீலே நீர்நிலை, குரங்குக் கடற்கரை, மதியச் சாப்பாடு, ஸ்நோர்கெலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி, நீர்மட்டத்தில் மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) என்று ஒரே நாளில் அடுக்கிவிடுவார்கள். கூட்டத்தால் பவளம் அழிந்ததால் மாயா விரிகுடாவை 2018 ஜூனில் மூடி, 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தார்கள். இப்போது படகுகள் முன்பக்கம் வர முடியாது. தீவின் பின்புறமுள்ள லோ சமா விரிகுடாவில் இறங்கி நடந்து வர வேண்டும். ஒரு சுற்றுக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. தண்ணீரில் முழங்கால் அளவுக்கு நிற்கலாம், நீந்தக் கூடாது. ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பர் இரு மாதமும் மூடிவிடுவார்கள். பூங்காக் கட்டணம் வெளிநாட்டுப் பெரியவருக்கு 400 பாட் (தாய்லாந்து நாணயம்), குழந்தைக்கு 200. படம் எடுக்க அருமையான இடம். குளித்து விளையாடலாம் என்று குழந்தைகளிடம் ஆசை காட்டிக் கூட்டிப் போகாதீர்கள்.

பீபீயைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஒரு இரவு அங்கேயே தங்குவது நல்லது. பெரிய ஃபெர்ரியில் போனால் சுமார் இரண்டு மணி நேரம் ஆகும், ஸ்பீட்போட்டைப் போல இடுப்பை உடைக்காது. மாலை நான்கு மணிக்குமேல் பகல்கூட்டம் வடிந்துவிடும். மறுநாள் விடிந்ததும் நீண்ட தண்டில் மோட்டார் மாட்டிய, லாங்டெயில் என்னும் உள்ளூர் மரப்படகொன்றைப் பிடித்தால், புக்கெட் படகுகள் வந்து சேருமுன் மாயாவைப் பார்த்துத் திரும்பலாம். துறைமுகத்தை ஒட்டிய தோன்சாய் கிராமத்தில் நள்ளிரவு தாண்டியும் பாட்டு முழங்கும். தூக்கம் வேண்டுமென்றால் லாங் பீச் பக்கம் அறை எடுங்கள். குரங்குக் கடற்கரையைப் படகிலிருந்தே பார்த்தால் போதும். கடிபட்டால் வெறிநாய்க்கடி ஊசிக்காக மீதி விடுமுறை முழுவதும் மருத்துவமனைக்கு அலைய வேண்டிவரும்.

பாங்ஙா விரிகுடா வேறு ரகம். சுண்ணாம்புப் பாறைகள் கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும் இந்த விரிகுடா மூன்று பக்கமும் அடைபட்டது. அதனால் மழைக்காலத்திலும் ஓரளவு அமைதியாக இருக்கும். இங்கே ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு பயணங்களை விற்கிறார்கள். ஒன்று 'ஜேம்ஸ் பாண்ட் தீவு' சுற்றுலா: 1974இல் வந்த படத்தால் பெயர்பெற்ற தாப்பூ பாறையைத் தள்ளி நின்று பார்த்து, சந்தை போன்ற கடைகளைக் கடந்து, நீரின்மேல் தூண்களில் நிற்கும் பான்யீ கிராமத்தில் சாப்பிட்டுத் திரும்புவது. மற்றொன்று கடற்குகைக் கயாக் பயணம்: பெரிய படகில் போய், அங்கிருந்து கயாக் என்னும் காற்றடைத்த சிறு துடுப்புப்படகில் பாறைக் குகைகள் வழியாக உள்ளே நுழைவது. குகை முடியும் இடத்தில், சுற்றிலும் பாறைச் சுவரும் மேலே திறந்த வானமுமாக ஒரு குளம் இருக்கும். அங்கே 'ஹோங்' என்பார்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் தயங்காமல் கயாக்கைத் தேர்ந்தெடுங்கள்.

துடுப்பைப் பின்னால் உட்கார்ந்திருக்கும் படகோட்டி போடுவார். இருவர் முன்னால் உட்கார்ந்தால் போதும், நீச்சல் தேவையில்லை. ஆனால் சில குகைகளின் கூரை மூக்கை உரசும் உயரத்தில் இருப்பதால் படுத்தபடி போக வேண்டும். அடைபட்ட இடமென்றால் மூச்சு முட்டுகிறவர்கள் பெரிய படகிலேயே இருந்துவிடலாம். நீர் மிக ஏறியிருந்தால் குகைவாய் மூடிவிடும், மிக வற்றியிருந்தால் சேறு தட்டும். ஆகவே எந்தக் குகை, எத்தனை மணிக்கு என்பது தினமும் மாறும். விளம்பர அட்டையில் போட்ட வரிசை நடக்கவில்லை என்று சண்டை பிடிக்காதீர்கள். மதியம் கிளம்பி இரவில் திரும்பும் பயணத்தில், இருட்டில் கையை அலைத்தால் நீர் நீலமாக மின்னும் நுண்ணுயிர்களையும் காணலாம். நிலவில்லாத இரவில்தான் அது நன்றாகத் தெரியும்.

கிராபியின் நான்கு தீவுகள் பயணத்தை இவற்றைவிடக் குறைவாகப் பேசுகிறார்கள். முதியவரும் சிறுவரும் சேர்ந்து போகும் குடும்பத்துக்கு மேற்குக் கரையிலேயே பொருத்தமானது அதுதான். ஆவோ நாங் கடற்கரையிலிருந்து போடா, கோழித்தீவு, துப், பிரா நாங் எல்லாம் பக்கத்திலேயே. தீவுக்குத் தீவு பத்து, இருபது நிமிடம்தான். ஆறு பேர் இருந்தால் முன்பதிவுச் சுற்றுலாவில் சேராமல், கடற்கரைச் சீட்டுக்கூடத்தில் ஒரு லாங்டெயிலை அரைநாள் வாடகைக்கு எடுங்கள். தொகை 2,500 பாட்டை ஒட்டி வரும், பூங்காக் கட்டணம் தனி. தலைக்குப் பார்த்தால் ஸ்பீட்போட்டைவிட மலிவு, எந்தத் தீவில் எவ்வளவு நேரம் என்பதும் உங்கள் கையில். படகில் ஏற முழங்கால் அளவு தண்ணீரில் நடந்து, குட்டையான ஏணியில் ஏற வேண்டும். மூட்டுவலி உள்ளவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் சத்தம் காதைப் பிளக்கும் என்பதால் பின்னால் உட்காராதீர்கள்.

இந்தப் பயணத்தின் சிறப்பு 'தலே வேக்'. நீர் வற்றும்போது தீவுகளுக்கு நடுவே வெளிப்படும் மணல்திட்டு அது. அந்தமான் கரையில் ஏற்றவற்றம் பெரியது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இரண்டரை மீட்டரையும் தாண்டும். அந்த நாட்களில் மணல்பாதை தெளிவாக வெளிப்படும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் நீர் அவ்வளவு வற்றாது, முழங்கால் நீரில் நடக்க வேண்டியிருக்கும். வற்றும் நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நாளை எத்தனை மணிக்கு வற்றும் என்று படகுக்காரரிடம் கேட்டு, அதற்கு ஒரு மணி முன்னால் அங்கே இருக்கும்படி கிளம்புங்கள். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் இதற்கு உதவும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

பவளமும் மீனும்தான் நோக்கமென்றால் சிமிலன் தீவுகளுக்கு நிகர் எதுவுமில்லை. பீபீ, நான்கு தீவுகள் இரண்டிலும் ஸ்நோர்கெலிங் சுமார்தான். சிமிலனில் நீர் கண்ணாடி. ஆனால் இது கரையிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தேசியப் பூங்கா. அக்டோபர் 15 முதல் மே 15 வரை மட்டுமே திறந்திருக்கும். நாளுக்கு இத்தனை பேர் என்ற கட்டுப்பாடு உண்டு, 2018 முதல் தீவில் இரவு தங்க அனுமதியும் இல்லை. நுழைவுக் கட்டணம் 500 பாட். தாப் லாமு துறையிலிருந்து ஸ்பீட்போட்டில் ஒன்றரை மணி நேரம். புக்கெட்டில் தங்கியிருந்தால் வண்டி விடியற்காலை ஐந்து மணிக்கே வாசலில் நிற்கும். போக வர வேனிலும் படகிலுமே ஏழு மணி நேரம் கரையும். காவோ லாக்கில் தங்கினால் துறை பக்கத்தில். சிமிலனுக்காக இரண்டு இரவு காவோ லாக்கில் தங்குங்கள், இல்லையென்றால் சிமிலனை விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இல்லை. இன்னும் வடக்கே குராபுரியிலிருந்து போகும் சுரின் தீவுகளில் ஆழம் குறைந்த பவளம் அதிகம், கூட்டமும் குறைவு. பயண நேரம் மட்டும் கூடுதல்.

வளைகுடாப் பக்கம் இதற்கு இணை ஆங் தோங். சமூயிலிருந்து போகும் 42 தீவுகள் கொண்ட பூங்கா. மீனுக்காக அல்ல, ஏறிப் பார்ப்பதற்காகப் போக வேண்டிய இடம் இது. மே கோ தீவின் நடுவே பாறைகள் சூழ்ந்த பச்சை உப்புநீர் ஏரி. வுவா தா லப் தீவில் கயிற்றைப் பிடித்து ஏறும் மலைமுகடு. இந்த ஏற்றத்துக்குச் செருப்பு உதவாது, பிடிப்புள்ள காலணி வேண்டும். நவம்பர், டிசம்பர் வாக்கில் பூங்கா சில வாரம் மூடப்படும்.

நீச்சல் தெரியாதவருக்கு ஸ்நோர்கெலிங்

நம்மில் பெரும்பாலோர் நீச்சல் தெரியாமல்தான் போகிறோம். அதனால் படகிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. லைஃப் ஜாக்கெட்டின் பட்டைகளை இறுக்கிய பிறகு, தோள்பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது காதுவரை ஏறினால் அளவு பெரிது, மாற்றிக் கேளுங்கள். மாஸ்க்கைப் பட்டை போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுத்தால், கையை எடுத்த பிறகும் அது ஒட்டி நிற்க வேண்டும். நெற்றி முடி ஒரு கற்றை உள்ளே மாட்டியிருந்தாலும் தண்ணீர் கசியும். மீசைக்காரர்களுக்கு இது தீராத பிரச்சினை; மூக்குக்குக் கீழே கொஞ்சம் வாசலின் தடவினால் பெரும்பாலும் அடங்கும். கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க உள்பக்கம் ஒரு துளி குழந்தை ஷாம்பூ தேய்த்து அலசிவிடுங்கள். படகிலிருந்து ஆழத்தில் குதிக்கும் முன், கரையில் இடுப்பளவு நீரில் நின்று முகத்தை மட்டும் அமிழ்த்தி, வாயால் மூச்சுவிட ஐந்து நிமிடம் பழகுங்கள். திணறுகிறவர்களில் பெரும்பாலோர் மூக்கால் மூச்சிழுக்க முயன்றவர்கள்தான். முகம் முழுவதையும் மூடும் மாஸ்க் வசதியாகத் தெரியும். தரமற்றவற்றில் விட்ட மூச்சே திரும்பி வரும் என்பதால் தவிர்ப்பது நல்லது.

வெயில் சுடுவது முதுகிலும் முழங்காலின் பின்பக்கத்திலும்; நீரில் இருக்கும்போது தெரியாது, இரவில் தெரியும். முழுக்கை நீச்சல் சட்டையும் லெக்கின்ஸும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒருங்கே நல்லவை. துப்பட்டாவும் தளர்ந்த பருத்தி ஆடையும் நீரில் கனத்துச் சுற்றிக்கொள்ளும். சன்ஸ்கிரீனின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள்: ஆக்ஸிபென்சோன், ஆக்டினோக்ஸேட், 4-மெத்தில்பென்சிலிடின் கேம்ஃபர், பியூட்டைல்பாரபென் உள்ளவற்றுக்குத் தாய்லாந்தின் தேசியப் பூங்காக்களில் 2021 முதல் தடை. அபராதம் ஒரு லட்சம் பாட் வரை போகலாம். மீனுக்கு ரொட்டி போடுவதும், சிப்பி, பவளத்துண்டு பொறுக்குவதும் குற்றம்தான்.

வளைகுடாத் தீவுகளில், குறிப்பாகச் சமூய், பாங்ஙன் கரைகளில், பெட்டி ஜெல்லிமீன் என்னும் கொடிய வகை உண்டு. மழையை ஒட்டிய மாதங்களில் கவனம் கூடுதலாக வேண்டும். கடற்கரையில் வினிகர் புட்டி வைத்த கம்பங்களைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டுவிட்டால் முதலில் வினிகரைக் குறைந்தது 30 விநாடி ஊற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது, குடிநீரால் கழுவக் கூடாது. நன்னீர் பட்டால் தோலில் ஒட்டியிருக்கும் மீதி நஞ்சுப்பைகளும் வெடிக்கும்.

ஸ்கூபா கற்பதா, ஒருமுறை ருசி பார்ப்பதா

காற்று உருளையைச் சுமந்து நீருக்கடியில் இறங்கும் ஸ்கூபா டைவிங் கற்க உலகில் அதிகம் பேர் தேடிப் போகும் இடங்களில் கோ தாவ் ஒன்று. விலை குறைவு, அலையடங்கிய விரிகுடாக்கள், தெருவுக்கு நான்கு பள்ளிகள். ஓபன் வாட்டர் என்னும் தொடக்கநிலைப் படிப்பு மூன்று முதல் நான்கு நாள், ஏறத்தாழ 10,000 முதல் 12,000 பாட். முடித்தால் 18 மீட்டர் வரை இறங்கலாம். இதே படிப்பு புக்கெட்டில் கூடுதல் விலை, டைவிங் இடத்துக்குப் படகுப் பயணமும் நீளம். இதற்கு நீச்சல் தெரிந்தே ஆக வேண்டும். நிற்காமல் 200 மீட்டர் நீந்த வேண்டும், நேரக் கணக்கில்லை. 10 நிமிடம் மிதக்க வேண்டும். நீச்சல் தெரியாதவருக்கு ஒருநாள் அறிமுக டைவ்தான் வழி. பயிற்சியாளர் கூடவே இருப்பார், அதிகபட்சம் 12 மீட்டர்.

எங்கே சறுக்குகிறார்கள்? முதலாவது காது. வலி வந்த பிறகு மூக்கைப் பிடித்து ஊதுவது தாமதம். நீர்மட்டத்திலேயே தொடங்கி மீட்டருக்கு ஒருமுறை காதின் அழுத்தத்தைச் சரிசெய்துகொண்டே இறங்க வேண்டும். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு இறங்கவே கூடாது. இரண்டாவது மருத்துவப் படிவம். ஆஸ்துமா, இதயக் கோளாறு போன்றவற்றில் 'ஆம்' போட்டால் மருத்துவரின் கையொப்பம் கேட்பார்கள். அதை ஊரிலேயே வாங்கிக்கொண்டு போங்கள், மறைத்து 'இல்லை' போடாதீர்கள். மூன்றாவது விமானம். பல டைவ்களுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் பறக்கக் கூடாது. ஆகவே படிப்பை விடுமுறையின் முன்பாதியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து நாள் விடுமுறையில் நான்கு நாளைப் படிப்புக்குக் கொடுத்தால் கூட வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். ஒருவர் படிக்க, மற்றவர் சும்மா இருக்க முடிந்த ஜோடிகளுக்கே கோ தாவ். சிறு குழந்தைகளோடு போகும் குடும்பத்துக்கு அல்ல.

கடலுக்குப் போகாத நாள்

தொடர்ந்து இரண்டு நாள் படகில் போனால் மூன்றாம் நாள் உடம்பு மறுக்கும். நடுவில் ஒரு தரை நாள் வையுங்கள். இதில் கிராபிக்குக் கை ஓங்கியிருக்கிறது. ரெய்லே கடற்கரைக்குச் சாலை கிடையாது. ஆவோ நாங்கிலிருந்து லாங்டெயிலில் கால் மணி நேரம், பகலில் தலைக்கு 100 பாட் என்பது வழக்கமான கட்டணம், எட்டுப் பேர் சேர்ந்ததும் கிளம்பும். இருட்டியபின் விலை ஏறும், ஆள் சேர்வதும் கடினம், ஐந்தரைக்குள் திரும்பிவிடுங்கள். சுண்ணாம்புப் பாறையில் ஏறக் கற்றுக்கொடுக்கும் அரைநாள் வகுப்பு சுமார் 1,000 பாட். காலணி, இடுப்புப்பட்டை, கயிறு எல்லாம் அவர்களே தருவார்கள். கயிறு மேலிருந்து பிடித்திருப்பதால் பத்து வயதுக் குழந்தையும் ஏறலாம். உப்புக்காற்றில் சாதாரண எஃகு ஆணிகள் உள்ளுக்குள் அரித்து முறிவதால், இங்கே பாதைகளில் டைட்டானியம் ஆணிகளை மாற்றி அடித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட பாதைதானா என்று பயிற்சியாளரிடம் கேட்பதில் தவறில்லை.

கிளோங் தோம் பக்கம் மரகதக் குளமும் வெந்நீர் அருவியும் ஒரே நாளில் முடியும். காலை ஒன்பதுக்குள் போனால் குளம் உங்களுடையது; பதினொன்றுக்கு மேல் வேன்கள் வந்துவிடும். அந்த ஊரின் குவான் லுக் பாட் மேட்டில்தான் 'பெரும்பதன் கல்' என்று தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்த, பொன் உரைக்கும் சிறு கல் கிடைத்தது. கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். மணிகள் செய்த பழைய துறைமுகம் அது. உள்ளூர்க் கோயில் அருங்காட்சியகம் சிறியதானாலும் நம்மவர் தவறவிடக் கூடாதது. காவோ லாக்கில் தங்குகிறவர்களுக்கு வடக்கே தகுவா பா இருக்கிறது: அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமம் வணிகக் குழுவையும் குறிப்பிடும் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊர். காவோ லாக்கிலேயே, 2004 சுனாமி ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தூக்கி எறிந்த 813ஆம் எண் காவல்துறைப் படகு அப்படியே நினைவிடமாக நிற்கிறது.

கடல் முழுக்கக் கெட்டுவிட்டால், உள்நாட்டிலிருக்கும் காவோ சொக் மழைக்காட்டுப் பூங்கா. செவ் லான் ஏரியின் மிதவை வீட்டில் ஓர் இரவு தங்குவது மழைக்காலத்தில் மேற்குக் கரைக்கு வந்து மாட்டிக்கொண்டவர்களுக்கு நல்ல மாற்று. அட்டைக்கடி உண்டு. நீரோடையில் நடக்க வேண்டிய 'நாம் தலு' என்னும் குகைக்கு மழைநாளில் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். 2007 அக்டோபரில் அங்கே திடீர் வெள்ளத்தில் சுற்றுலாப் பயணிகள் உயிரிழந்திருக்கிறார்கள். யானைச் சவாரியும் ஜெட் ஸ்கீயும் இல்லாமல் விடுமுறை நிறையும். ஜெட் ஸ்கீ ஏறியே தீருவோம் என்பவர்கள், ஏறுமுன் அதன் அடிப்பக்கம்வரை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய கீறலுக்குப் பணம் கேட்பது பழகிய தந்திரம்.

எங்கே தங்குவது

புக்கெட்டின் பலம் விமான நிலையம், எல்லா விலையிலும் விடுதி, பழைய நகரத்துச் சாப்பாடு. பலவீனம் தூரமும் வாடகை வண்டிக் கட்டணமும். தீவு பெரியது, விமான நிலையத்திலிருந்து தென்முனைக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். விமான நிலையத்திலிருந்து கடற்கரைகளை இணைக்கும் ஸ்மார்ட் பஸ் 100 பாட். மற்றபடி கிராப், போல்ட் செயலிகளில் விலை பார்த்த பிறகே தெருவண்டியில் பேரம் பேசுங்கள். குழந்தைகளோடு காத்தா, இரவு வாழ்க்கைக்குப் பாத்தோங். முதல்முறை போகும் குடும்பத்துக்கு, நவம்பர் முதல் ஏப்ரலுக்குள் என்றால், ஆவோ நாங்கில் நான்கு இரவு என்பதே எங்கள் தீர்ப்பு: கடற்கரை, படகு, கடைவீதி எல்லாம் நடை தூரத்தில். கோ லந்தா அமைதி தேடுபவர்களுக்கு. கோ லிப்பே அழகுதான், ஆனால் புக்கெட்டிலிருந்து போவது பெரும்பாடு. மலேசியத் தமிழர்களுக்குத்தான் அது வாய்த்தது, பருவத்தில் லங்காவியிலிருந்து நேரே படகு உண்டு.

சமூயில் ஒரு கணக்கு உண்டு. தீவின் விமான நிலையம் தனியாருடையது, டிக்கெட் விலை அதிகம். பெருநிலத்திலுள்ள சுராத் தானிக்குப் பறந்து, அங்கிருந்து பேருந்தும் தொன்சாக் ஃபெர்ரியும் பிடித்தால் பாதிக்குமேல் மிச்சமாகும், அரைநாள் போகும். நான்கு பேருக்கு மிச்சமாகும் தொகை பெரிதென்றால் செய்யுங்கள். இருவருக்கு அலைச்சல்தான் மிஞ்சும். படகில் திரும்ப வேண்டிய எந்தத் தீவானாலும் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு தீவில் இருக்காதீர்கள். படகு ரத்தானால் விமானமும் போய்விடும்.

ஸ்கூட்டர் எடுப்பவர்கள், இருசக்கர வாகனத்துக்கும் செல்லும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கிப் போங்கள். அது இல்லாமல் விழுந்தால் காப்பீடு கைவிரித்துவிடும். ஈடாகப் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள், பணமாகக் கட்டுங்கள். சைவர்களுக்கு: காய்கறிச் சாப்பாடு என்று கேட்டாலும் மீன்சாறும் இறால் விழுதும் வந்துவிடும். 'கின் ஜே' என்று சொல்லுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடைகளில் இறைச்சியும் மீனும் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூட இராது.

நாட்டுக்குள் நுழைய 2025 மே முதல் மின்னணு வருகை அட்டை கட்டாயம். இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் அரசுத் தளத்தில் நிரப்ப வேண்டும். இலவசம், காசு கேட்கும் தளம் எதுவானாலும் அரசுத் தளம் அல்ல.

படகுச் சீட்டு வாங்கும்போது இவற்றைக் கேட்டு, பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்: பூங்காக் கட்டணம் விலையில் சேர்ந்ததா, எந்தத் துறையிலிருந்து கிளம்பும், படகில் எத்தனை பேர், வானிலையால் ரத்தானால் பணம் திரும்புமா அல்லது வேறு நாளா. கர்ப்பிணிகளையும் முதுகுவலி உள்ளவர்களையும் ஸ்பீட்போட்டில் ஏற்றமாட்டார்கள் என்பதால் அதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். குமட்டல் மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், அலை தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. ஸ்பீட்போட்டில் மூக்குப்பக்கம் காற்று நன்றாக வரும், குலுக்கலும் அங்கேதான், பின்வரிசையைப் பிடியுங்கள்.